ஓடைக்கு இந்தப் பக்கம்

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை. பாறையின் மேல் அனுமார். சிலை ஒன்றும் கிடையாது, காவி பூசிய ஒரு கல்தான். சனிக்கிழமை தோறும் ஊர்ப் பெண்கள் அங்கே பொரிகடலையும் வாழைப்பழமும் வைப்பார்கள். குரங்குகள் இறங்கி வந்து தின்னும். தின்று முடிக்கும் வரை பெண்கள் கைகூப்பி நிற்பார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் கமலா ஆரஞ்சுத் தோட்டம். அதே குரங்குகள் இந்தப் பக்கம் கால் வைத்தால் கல்லடி.

"அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் களவாணி" என்பார் மணியக்காரர் மலைச்சாமி. ஊரில் யாரும் இதில் குறை கண்டதில்லை.

இந்தப் பக்கத்துக்குக் காவல் வடிவு. பதினேழு வயது. வலது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பிப்போனது. ஐந்தாம் வகுப்பு வரை அண்ணன் ஆண்டிச்சாமி தோளில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாள். அண்ணன் தோளுக்கு மூட்டை வந்ததும் படிப்பு நின்றது. அதன்பிறகு பரணும் தகரமும் கவணும் அவளுக்கு வந்தன.

ஊரில் அந்தக் காலை உயிரில்லாத கால் என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். ஆனால் அதன்மேல் எறும்பு ஊர்ந்தாலும் வடிவுக்குத் தெரியும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அண்ணன் தகரம் தட்டினால் குரங்குகள் ஓடும். வடிவு தட்டினால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தின்னும். அவள் கவண் கல் எப்போதும் ஒரு முழம் தள்ளித்தான் விழும் என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. காற்றில் விழுந்த பழங்களை அவள் பரணின் அடியில் குவித்து வைப்பாள். குரங்குகள் அவற்றைத் தின்றுவிட்டு மரத்துப் பழத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். எல்லா நாளும் இல்லை.

காது கிழிந்த கிழட்டுப் பெண்குரங்கு ஒன்று இருந்தது. கூட்டம் அது போகும் பக்கம் போகும். அது பரண் ஏணியின் கடைசிப் படியில், வடிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். முதலில் வடிவுக்கு அது வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்துகொண்டாள். பயம் இருந்தால் யாரும் முதுகைக் காட்டமாட்டார்கள். அப்படியே இரண்டு பேரும் வெயில் சாயும் வரை ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில நாட்களில் அவள் வாய் திறந்து பேசாமலே வீடு திரும்புவாள். அந்தக் குரங்குக்கு அவள் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூப்பிட வேண்டிவரும். கூப்பிட்டு வராமல் போனால் என்ன செய்வது?

கமலாப் பழம் நிறம் மாறும் சமயத்தில் நசுருதீன் ராவுத்தர் ஊருக்கு வந்தார். வத்தலக்குண்டுக்காரர். தோல், தேன், கடுக்காய் என்று எதையாவது வாங்கிக்கொண்டு மலைக்கு வந்து போகிறவர்தான். இந்தத் தடவை மட்டக்குதிரைகளின் முதுகில் கம்பிவலையும் மரச்சட்டமும் வந்தன. ஊர் மந்தையில் அவற்றை இறக்கி வைத்துவிட்டு, குரங்கு பிடிக்க வந்திருப்பதாகச் சொன்னார்.

"எதுக்கு ராவுத்தரே? ஓமக்குத் தோல் ஏவாரம் பத்தலையா?" என்றார் மலைச்சாமி.

"மெட்ராஸுக்குப் போகுதுங்க. அங்கேருந்து ஏரோப்பிளான்ல சீமைக்கு."

"குரங்குக்கு வந்த வாழ்வப் பாருங்கப்பா! நான் இன்னும் வத்தலக்குண்டு பஸ்ல நின்னுக்கிட்டுத்தான் போறேன்" என்று ஒருவன் சொல்ல, மந்தை சிரித்தது.

"ஒன்னயும் கூண்டுல ஏத்திவிடச் சொல்றேன். மூஞ்சி ஒத்துப்போகும், ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்றார் மலைச்சாமி. மறுபடியும் சிரிப்பு.

"சீமையில என்ன, வித்தை காட்டவா?"

"மருந்து செய்யங்க" என்றார் நசுருதீன். "பச்சப்புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து கால் சூம்பிப்போகுதில்ல, அது வராம இருக்க."

சிரிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வடிவு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பெண்கள் நின்ற இடத்திலிருந்து அவள் ஆத்தா அன்னக்கொடியின் குரல் வந்தது. மந்தையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"பிடிச்சுக்கிட்டுப் போங்க."

மலைச்சாமி கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "ஓடைக்கு அந்தப் பக்கம் கூண்டு வச்சா ஊர் விளங்காது. இந்தப் பக்கம் வச்சுக்கிடும். களவாணியைப் பிடிச்சா பாவமில்ல."

"ரெண்டும் ஒரே குரங்குதானுங்களே."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் வையும்."

தோட்டத்து மேட்டில், ஒரு சின்ன அறை அளவுக்குக் கூண்டு எழும்பியது. முன்பக்கம் பலகைக் கதவு. அதை மேலே தூக்கிக் கயிற்றில் கட்டி, கயிற்றின் முனையைத் தூரத்தில் ஒரு புதருக்குள் கொண்டுபோனார்கள். நசுருதீனின் வழி அவசரமில்லாத வழி. கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே பழமும் கடலையும் தினமும் வைப்பார். குரங்குகள் உள்ளே போய்த் தின்று திரும்பும். பயம் போனதும் ஒருநாள் கயிற்றை அவிழ்ப்பார். மற்ற ஊர்களில் அப்படித்தான் நடந்தது.

இங்கே நடக்கவில்லை. இந்தப் பக்கத்தில் வடிவைத் தவிர வேறு யாரும் வைத்ததைத் தின்று அவற்றுக்குப் பழக்கமில்லை. இந்தப் பக்கம் என்றால் கல். உள்ளே வைத்த பழம் அழுகியது, கடலையை எறும்பு கொண்டுபோனது. கூட்டம் கூண்டைச் சுற்றிப் போய்ப் பரணடிக்கு வந்து, வடிவு குவித்ததைத் தின்றது. புதருக்குள்ளிருந்து நசுருதீன் இதைப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் பரணடிக்கு வந்து துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"தாயி, அதுக ஒன்னய நம்புதுக."

வடிவுக்குப் பேச்சு வர நேரமாகும். அவர் காத்திருந்தார்.

"அங்க கொண்டுபோய் என்ன செய்வாங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"பொய் சொல்லட்டுமா, நெசம் சொல்லட்டுமா?"

"நெசம்."

"கொன்னுதான் எடுப்பாங்க. குண்டிக்காய, அதான் கிட்னிய, எடுத்து அதுல மருந்தை வளர்ப்பாங்களாம். மெட்ராஸ்ல ஒரு தொரை சொன்னாரு. எனக்கு அதுக்கு மேல வெளங்கல."

"ஒரு குரங்குல இருந்து எத்தனை புள்ளைக்கு வரும்?"

"நெறைய. ஒரு ஊருக்கே வரும்னாரு."

"அந்த மருந்து இங்க வருமா?"

நசுருதீன் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "கொடைக்கானல்ல வெள்ளைக்காரப் புள்ளைகளுக்கு ஊசி போட்டாங்கன்னு கேள்வி. நம்ம பக்கம் நான் இன்னும் பாக்கல. என் அக்கா மக ஷம்ஷாத்துக்கும் ஒன்னய மாதிரிதான், செவுத்தப் பிடிச்சுத்தான் நடக்கும். அதுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. ஒனக்கும் ஆகாது. அதையும் நெசமாவே சொல்லிட்டேன்." எழுந்து துண்டை உதறினார். "நீ கூண்டுக்குள்ள போய் உக்காந்தா அதுக வரும். உக்காருன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா அது என் பாவமாப் போகும்."

அன்று வீட்டில் மதினி ராக்காயி அடுப்படியில் இருந்தாள். அண்ணன் மகள் சின்னத்தாயி சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும், தள்ளாடும், தொப்பென்று விழும். விழுந்ததும் யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்க்கும். வடிவுக்குக் காய்ச்சல் வந்ததும் இந்த வயதில்தான்.

"ராவுத்தர் வந்து பேசுனாரா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"பேசுனாரு. கொன்னுருவாங்களாம், ஆத்தா."

அன்னக்கொடி முறத்தைக் கீழே வைத்தாள். "ஒனக்குப் புறா ரத்தம் தேய்ச்சது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஆற்று மணலில் இடுப்பு வரை புதைத்து வைத்ததும், எண்ணெய்க்காரன் வந்து கதறக் கதற நீவியதும் மங்கலாகத்தான் ஞாபகம். புறா ரத்தம் மட்டும் தெளிவாக இருந்தது. காலில் அது விழும்போது இருந்த சூடு.

"ஒவ்வொரு புறாவையும் நான்தான் அறுத்தேன். எங்க வீட்டுல கோழியக்கூட நான் அறுத்ததில்ல. கை நடுங்கல, புள்ள. கையில துடிக்கும். துடிக்கட்டும், எம்புள்ள எந்திரிச்சா போதும்னு அறுத்தேன். ஒரு புறாவாலயும் ஒண்ணும் ஆகல." சின்னத்தாயியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். "இது ஆகும்னு அந்தாளு சொல்றாரு."

"நம்ம ஊருக்கு வருமான்னு தெரியாதாம்."

"வராட்டிப் போகுது. எங்கேயோ ஒருத்தி புள்ளைக்கு ஆகட்டுமே. அவளாச்சும் புறா அறுக்காம இருக்கட்டும்."

வடிவு வேறு ஏதாவது சொல்ல நினைத்தாள். அந்தக் கிழட்டுக் குரங்கு முதுகைக் காட்டி உட்காருவதைப் பற்றிச் சொல்லலாம். ஆத்தாவின் பேச்சுக்கு முன்னால் அது மிகவும் சின்ன விஷயமாக இருந்தது. சொன்னால் இதற்காகவா என்பார்கள். இதற்காகத்தான். ஆனால் சொல்ல முடியவில்லை.

மதினி குழந்தையின் காலுக்கு எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டாள். வடிவு தேய்த்தாள். இரண்டு காலும் ஒரே மாதிரி, ஒரே கனம். குழந்தை உதைத்தது. அந்த உதை வலித்தது என்று சொல்லக்கூடிய அளவுக்குப் பலமாக இருந்தது.

காலையில் அவளே நசுருதீனிடம் போனாள்.

"நான் தலைத்துண்டை எடுத்தா கயிறை விடுங்க. எடுக்காட்டி விடாதீங்க."

"நீ உள்ள இருப்பியே, தாயி. கதவு விழுந்தா கடிச்சுக் கொதறிடும்."

"கடிக்கட்டும்."

கம்பைப் பிடித்து நடந்து, குனிந்து கூண்டுக்குள் போனாள். உள்ளே அழுகிய பழத்தின் புளித்த நெடி. மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து, கொண்டுவந்த பழங்களை முன்னால் கொட்டினாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தோட்டம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. அவள் உரிக்க ஆரம்பித்தாள். தோலின் மணம் பரவியது.

முதலில் வந்தது காது கிழிந்ததுதான். வாசலில் நின்றது. கதவை நிமிர்ந்து பார்த்தது. பிறகு வடிவைப் பார்த்தது. அவள் சுளையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. அவள் எதுவும் செய்யாமல் இருந்ததுதான் அதற்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே வந்து, பழத்தை எடுத்துக்கொண்டு, திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அதைப் பார்த்து மற்றவை வந்தன. குட்டியை வயிற்றில் கட்டியவை, வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெரிய ஆண், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சின்னவை. கூண்டு நிறைந்தது. மென்று தின்னும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை பேர் அவள் பக்கத்தில் இதற்கு முன் உட்கார்ந்ததில்லை.

இப்படியே எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. துண்டு தலையில்தான் இருந்தது. யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் வரவில்லை என்று சொல்லலாம். ராவுத்தர் புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அவர் அப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிந்தது. கூட்டமும் நாளைக்கு வரும். அதற்கு மறுநாளும் வரும். அவள் வாழ்நாள் முழுக்க வரும். அவளுக்கு வேறு யாரும் வரப்போவதில்லை.

எங்கேயோ ஒருத்தி மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் வடிவுக்குத் தெரியவில்லை. குழிக்குள் இறக்க அவள் இடுப்பில் வைத்திருந்த பிள்ளையின் கால்தான் தெரிந்தது.

வடிவு துண்டை எடுத்தாள்.

கதவு விழுந்த சத்தம் மலையில் மோதித் திரும்பியது. கூண்டு முழுக்க ஒரே அலறல். கம்பியில் ஏறின, கூரையில் தொங்கின, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வடிவு கண்ணை மூடிக் கடிக்குக் காத்திருந்தாள். எதுவும் கடிக்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்தன. சேலைக்குள் தலையை நுழைத்தன. பயந்தால் எங்கே போக வேண்டுமோ அங்கே வந்தன. குட்டிப் பருவம் இப்போதுதான் தாண்டிய ஒன்று, அவள் சூம்பிய காலை இரண்டு கையாலும் இரண்டு காலாலும் கட்டிக்கொண்டது. அதன் நெஞ்சு அடிப்பது அவள் காலில் கேட்டது.

நசுருதீன் கூண்டின் பக்கவாட்டில் இருந்த சிறு கதவைத் திறந்தார். "வெரசா வா தாயி. வந்துரு."

ஆத்தா ஓடிவந்து வெளியே நின்றாள். "வடிவு! கடிச்சிருச்சா? ஏன்டி உக்காந்திருக்கே? வாடி வெளிய!"

வடிவு குனிந்து அந்த விரல்களைப் பிரித்தாள். ஒரு கையை எடுத்தால் மறு கை வந்து பிடித்தது. அதட்டவில்லை, அடிக்கவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கடைசி விரலை எடுத்ததும் அது அவள் முகத்தைப் பார்த்தது. அவள் ஊர்ந்து வெளியே வந்தாள். பின்னால் சிறு கதவு சாத்திக்கொண்டது.

அதன்பிறகு ஆட்கள் வந்தார்கள். பிடித்து மூங்கில் கூடுகளில் போட்டார்கள். பால் குடிக்கும் குட்டி வைத்திருந்தவற்றை நசுருதீன் விட்டுவிட்டார். அவற்றை மெட்ராஸில் எடுக்கமாட்டார்களாம். காது கிழிந்ததன் வாயைத் திறந்து பார்த்து, "பல்லுத் தேஞ்சுபோச்சு, இதுவும் ஆகாது" என்று வெளியே விட்டார். அது ஓடவில்லை. கூண்டின் மேல் ஏறி, வெளியிலிருந்து கம்பியை இழுத்தது. ஆண்டிச்சாமி கம்பைச் சுழற்றி விரட்டினான். அது ஓடையைத் தாண்டியது. தாண்டிப் பாறையில் உட்கார்ந்ததும் மலைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

வடிவைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். "புண்ணியவதி" என்றாள் ஒருத்தி. "எத்தனை புள்ளைக நடக்கப்போகுதோ ஒன்னால" என்றாள் இன்னொருத்தி. வடிவு அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒருத்தி, ஏன்டி இப்படிச் செஞ்சே என்று கேட்டிருந்தால் அவளால் அழ முடிந்திருக்கும்.

கூடுகளைக் குதிரைகளில் ஏற்றும்போது அவள் நசுருதீனிடம் போனாள்.

"நானும் வாரேன்."

"எங்க, மெட்ராஸுக்கா?"

"எது வரைக்கும் வர முடியுமோ, அது வரைக்கும்."

"பொட்டப்புள்ள லாரில ஏறிப் போறதா? ஊர் சிரிக்கும்!" என்றாள் அன்னக்கொடி.

"சிரிக்கட்டும், ஆத்தா. நான்தான உள்ள கூட்டியாந்தேன்."

அன்னக்கொடி மகளைப் பார்த்தாள். புறாக்களைப் பற்றி நினைத்தாளோ என்னவோ, ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு, "கூடப் போ, அவளைக் கூட்டிக்கிட்டு வா" என்றாள்.

ஒரு குதிரையிலிருந்து கூட்டை இறக்கி அவளை ஏற்றினார்கள். அய்யம்பாளையம் வரை இறக்கம். இறங்க இறங்கக் காற்று சுட்டது. மிளகுக்கொடியும் பலாவும் போய்ப் புளியமரம் வந்தது. குரங்குகள் சத்தத்தை நிறுத்திவிட்டன. கீழே லாரி நின்றது. அதன் பின்னால், கூடுகளுக்கு நடுவே, ஆண்டிச்சாமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சமவெளியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மறைக்க ஒன்றுமில்லாமல் எல்லாம் வெட்டவெளியாகக் கிடந்தது.

கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் கூடுகளை இறக்கிச் சாக்குப்போட்டு மூடினார்கள். பார்த்தால் ஆட்கள் வம்புக்கு வருவார்கள் என்றார் நசுருதீன். சாக்கு விலகிய இடத்தில் ஒரு கிழவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போர்ட்டர், "தள்ளுங்கய்யா, நாறுது" என்றான்.

வடிவு ஒவ்வொரு சாக்காகத் தூக்கித் தகர டப்பாவில் தண்ணீர் வைத்தாள். தன் காலைக் கட்டிக்கொண்ட குரங்கை அவள் தேடினாள். எது அது என்று தெரிந்துகொள்ள முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி மூலையில் ஒடுங்கி இருந்தன. அவள் கை உள்ளே போனதும் எல்லாமே பின்னால் நகர்ந்தன. தண்ணீரைச் சிந்தாமல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்ததும் வண்டி வந்தது. கடைசிப் பெட்டியில் கூடுகளை ஏற்றினார்கள். நசுருதீன் ஏறுவதற்கு முன் அவளிடம் வந்தார். எதையோ சொல்ல நினைத்து, "வெரசா வீடு போய்ச் சேருங்க" என்று மட்டும் சொன்னார்.

வண்டி கிளம்பியது. பிளாட்பாரத்தில் ஆட்கள் கலைந்தார்கள். வடிவு கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"போலாமா?" என்றான் ஆண்டிச்சாமி.

"வண்டி போகட்டும்ணே."

"போயிருச்சே, வடிவு."

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, சின்ன வயதில் செய்தது போலத் தோளைக் காட்டினான். அவள் வேண்டாமென்று தலையசைத்து, கம்பை எடுத்து ஊன்றி, தானே எழுந்தாள்.